மிசில்டோ எதற்கெல்லாம் மருந்தாக இருந்தது?

கேட்கப்பட்டது இதுதான்: கிறிஸ்துமஸ் சமயத்தில் வெள்ளைக்காரர்கள் வாசல் நிலையில் கட்டித் தொங்கவிடும் மிசில்டோ ஒரு காலத்தில் மருந்தாக இருந்ததா, எந்த நோய்க்கு? ஜெர்மனியில் புற்றுநோய்க்கு இன்றும் அதை ஊசியாகப் போடுகிறார்களாமே, அது எங்கிருந்து வந்தது? நம் ஊர் மாமரத்துப் புல்லுருவிக்கும் அந்தக் குணம் உண்டா?

சுருக்கமாகச் சொன்னால், இருந்தது. சுமார் 2000 ஆண்டுகளாக இருந்தது. வலிப்பு, மண்ணீரல் வீக்கம், கட்டி, கண்டமாலை, பிள்ளைப்பேறின்மை, விஷக்கடி, பிறகு ரத்த அழுத்தம், கடைசியில் புற்றுநோய் என்று பட்டியல் நீளும். இவற்றில் கண்டிப்பான மருத்துவச் சோதனையில் திடமாகத் தேறியது ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தக் கதையை நான் ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். இத்தனை நோய்களுக்கு இந்த ஒரு செடியை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்று பார்த்தால், இலைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி வெகுகாலம் யாரும் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அது எங்கே வளர்கிறது, எந்த மரத்தில் வளர்கிறது என்பதுதான் மருந்தைத் தீர்மானித்தது.

முதலில் செடி. ஐரோப்பிய மிசில்டோவின் தாவரவியல் பெயர் விஸ்கம் ஆல்பம். மண்ணில் முளைக்காது. மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு, பட்டைக்குள் உறிஞ்சியை இறக்கி, தண்ணீரையும் உப்பையும் மரத்திடமிருந்து எடுத்துக்கொள்ளும். இலையில் பச்சையம் இருப்பதால் சோற்றை மட்டும் தானே பொங்கிக்கொள்ளும். அதனால்தான் அரை ஒட்டுண்ணி என்கிறோம். இன்றைய வகைப்பாட்டில் இது சந்தனக் குடும்பம். சந்தன மரமும் பக்கத்து மரத்தின் வேரில் வாய் வைத்து உறிஞ்சும் ரகம்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஆப்பிள், பாப்லர், லிண்டன் மரங்கள் எல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அந்த மொட்டை மரத்தின் உச்சிக் கிளைகளில் மட்டும் ஒரு மீட்டர் அகலம் வரைக்கும் பச்சைப் பந்துகள் தொங்கும். மற்றதெல்லாம் செத்துக் கிடப்பதாகத் தோன்றும் அந்தப் பருவத்தில் இதில் வெள்ளை வெள்ளையாகப் பழம் இருக்கும். பழத்தை விரலில் நசுக்கினால் விதை விரலோடு ஒட்டிக்கொள்ளும். உதறினால் போகாது, இழுத்தால் நூல் போல நீளும். மிசில் த்ரஷ் என்ற பறவை பழத்தை முழுசாக விழுங்கும். எச்சத்தில் வரும் விதைகள் பிசுபிசுவென்று சரம் கோத்தாற்போலக் கிளையிலிருந்து தொங்கும். பிளாக்கேப் என்ற சின்னக் குருவி வேறு மாதிரி: தோலையும் சதையையும் தின்றுவிட்டு, அலகில் ஒட்டிய விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். நம் ஊரில் பூக்கொத்திக் குருவி செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

மண்ணைத் தொடாத செடி, பனியிலும் பச்சை, நசுக்கினால் பிசின். இந்த மூன்றும்தான் இதன் மருத்துவ வரலாற்றுக்கு மூலதனம்.

மிசில்டோ என்றதும் எல்லோரும் சொல்லும் கதை ட்ரூயிடுகள் கதை. இன்றைய பிரான்ஸ் இருக்கும், அன்று கால் (Gaul) என்று பெயர் பெற்ற நாட்டில் வாழ்ந்த கெல்ட்டிய மக்களின் பூசாரிகள் அவர்கள். மிசில்டோ சடங்கைப் பற்றி நமக்கு இருக்கும் ஒரே பழைய சாட்சி ரோமானியரான மூத்த பிளினி. கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர் அவர். அவருடைய இயற்கை வரலாற்றின் 16ஆம் புத்தகத்தில் இது வருகிறது. ஓக் மரத்தில் முளைத்த மிசில்டோவைவிடப் புனிதமானது ட்ரூயிடுகளுக்கு வேறு எதுவும் இல்லை. கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் வளர்பிறை ஆறாம் நாளில் மரத்தடியில் விருந்துக்கும் பலிக்கும் ஏற்பாடு செய்து, அதுவரை நுகத்தில் பூட்டாத இரண்டு வெள்ளைக் காளைகளைக் கொண்டுவருவார்கள். வெள்ளை உடை உடுத்த பூசாரி மரத்தில் ஏறித் தங்க அரிவாளால் அறுப்பார். கீழே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். அதைக் கரைத்துக் குடித்தால் மலட்டு மாடும் கன்று ஈனும், எந்த விஷமும் முறியும் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லாவற்றையும் குணமாக்குவது என்ற பொருளில் அதற்குத் தங்கள் மொழியில் ஒரு பெயரும் வைத்திருந்தார்களாம்.

இதைச் சொல்லி முடித்ததும் பிளினி, அற்ப விஷயங்களில் மக்களுக்குத்தான் எவ்வளவு பக்தி என்று ஒரு குத்தும் குத்துகிறார். இணையத்தில் இந்தப் பத்தியை எடுத்துப் போடுகிறவர்கள் அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடுவார்கள். தங்க அரிவாள் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தங்கம் மிருதுவான உலோகம், முற்றிய தண்டை அறுக்காது. வெண்கலத்துக்குப் பொன்முலாம் பூசியிருக்கலாம் என்கிறவர்கள் உண்டு. பிளினி கேட்டதை எழுதினாரா, கண்டதை எழுதினாரா என்பதும் பேச்சில் இருக்கும் விஷயம்தான்.

ஆனால் அதே பிளினி 24ஆம் புத்தகத்தில் மருந்துகளைப் பேசும்போது குரல் மாறிவிடுகிறது. மிசில்டோப் பிசினைக் குங்கிலியமும் மெழுகும் சேர்த்துப் பூசினால் கட்டிகள் இளகும், கண்டமாலைப் புண் காயும், சொரசொரத்த நகம் சரியாகும் என்று சமையல் குறிப்பு போல எழுதிக்கொண்டு போகிறார். கூடவே சிலருடைய நம்பிக்கை என்று ஒன்றைச் சேர்க்கிறார்: ஓக் மரத்ததை அமாவாசை கழிந்த முதல் பிறையில், இரும்பு படாமல், தரையில் விழாமல் எடுத்தால் வலிப்பு தீரும், பெண்கள் உடன் வைத்திருந்தாலே கரு நிற்கும். அடுத்த 1700 ஆண்டு மருத்துவம் இந்தக் கடைசி வரியிலிருந்துதான் முளைத்தது. கட்டிக்குப் பூசும் மருந்தை மறந்துவிட்டு, பிளினியே தயங்கிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டது ஐரோப்பா.

பிளினி காலத்திலேயே கிரேக்க மொழியில் எழுதிய மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் நல்ல தொழில்காரர். சடங்கு பேசமாட்டார். அவருக்கு இது ஒரு பிசின், அவ்வளவுதான். எப்படி எடுப்பது, எதோடு சேர்ப்பது, எந்த வீக்கத்துக்குப் பூசுவது, ஆறாத புண்ணுக்குச் சாம்பிராணியோடு எப்படிக் குழைப்பது, வீங்கிய மண்ணீரலுக்கு மேல் பற்றாக எப்படிப் போடுவது என்று போகும். மலேரியா ஊர் முழுக்க இருந்த மத்தியதரைக் கடல் பக்கத்தில் மண்ணீரல் வீக்கம் சாதாரணமாகப் பார்க்கும் நோய், அதனால் அதற்குத் தனி இடம். இதே பிசினைக் குச்சியில் தடவிக் குருவி பிடிக்கவும் வைத்திருந்தார்கள், நம் பக்கம் ஆலம்பாலைக் காய்ச்சிச் செய்ததைப் போலத்தான். த்ரஷ் பறவை தன் எச்சத்தாலேயே தனக்குக் கேட்டைத் தேடிக்கொள்கிறது என்று லத்தீனில் ஒரு பழமொழியே உண்டு. விதையைப் பரப்புவது அது, அந்தச் செடியின் பிசினில் மாட்டுவதும் அது.

ட்ரூயிடுகளை விட்டுப் போகுமுன் ஒரு பிணம். இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் லிண்டோ மாஸ் என்ற சதுப்பு நிலத்தில் கரிமண் வெட்டும் ஆட்கள் 1984ல் ஓர் இளைஞனின் உடலைக் கண்டெடுத்தார்கள். ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழையது. தோல் பதனிட்டதைப் போலக் கெட்டுப்போகாமல் இருந்தது. தலையில் அடி, கழுத்தில் சுருக்கு, தொண்டையில் வெட்டு. அவன் குடலில் கடைசிச் சாப்பாட்டோடு மிசில்டோ மகரந்தம் நான்கு மணிகள் கிடைத்தன. உடனே ட்ரூயிடு பலி, மிசில்டோ பானம் என்று எழுதிக் குவித்துவிட்டார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. குடித்தது கஷாயமென்றால் நான்கே நான்கு மணிகளா? மகரந்தம் குடித்த தண்ணீரிலோ தின்ற ரொட்டியிலோ வந்திருக்கலாம். பூச்சியால் பரவும் மகரந்தம் காற்றில் அதிகம் பறக்காது என்பது மறுதரப்பு வாதம். அது நியாயமான வாதம்தான், ஆனாலும் நான்கு மணிகளின் மேல் ஒரு மதத்தையே கட்ட முடியாது.

இனி வலிப்பு. இதில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் அந்தக் காலத்தில் காக்காய் வலிப்புக்குப் பெயரே விழும் நோய். நின்றவன் நின்றாற்போலத் தரையில் விழுகிறான். மிசில்டோவோ மரத்தில் இருக்கிறது, விழுவதில்லை, தரையைத் தொடுவதும் இல்லை. ஆகவே விழாத செடி விழும் நோயைத் தடுக்கும். இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று 1890ல் ஜேம்ஸ் ஃப்ரேசர் போன்ற மானிடவியல் அறிஞர்கள் விளக்கினார்கள். ஸ்வீடனில் வலிப்புக்காரர்கள் ஓக் மிசில்டோத் தண்டில் பிடி போட்ட கத்தியை உடன் வைத்திருந்தார்கள் என்ற செய்தியும் அவர் தருவதுதான். மருந்து உடலுக்குள் போகவேகூட வேண்டாம், கையில் இருந்தால் போதும் என்ற நிலையில் பார்த்தால் அந்தக் கணக்கு நன்றாகவே புரிகிறது. தரையில் விழாமல் துணியில் பிடிப்பதும், தரையில் பட்டால் சக்தி போய்விடும் என்பதும் இதோடு ஒத்துப் போகின்றன.

17ஆம் நூற்றாண்டு லண்டனில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த நிக்கலஸ் கல்பெப்பர் 1653ல் வெளியிட்ட மூலிகை நூலில் ஓக் மிசில்டோதான் மேலானது, பொடி செய்து 40 நாள் விடாமல் கொடுக்க வேண்டும் என்கிறார். நம் ஆட்கள் சொல்லும் மண்டலம் போலத்தான். வலிப்பு, பக்கவாதம், முடக்குவாதம் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று நம்பி, அதைச் சிலுவை மரம் என்றே சிலர் அழைத்ததாகவும், கழுத்தில் தொங்கவிட்டதாகவும் எழுதுகிறார். கல்பெப்பர் சோதிடமும் பார்ப்பவர். மிசில்டோ சூரியனுக்கு உரியது, ஓக்கில் வளர்ந்தால் வியாழனின் தன்மையும் ஏறும் என்று ஜாதகமும் கணித்துவிட்டார்.

சரி, கல்பெப்பர் சோதிடக்காரர். ராபர்ட் பாயில்? வேதியியல் படித்த யாருக்கும் பாயில் விதி தெரியும். அவரே 1663ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறார். பரம்பரை வலிப்பு உள்ள ஓர் இளம்பெண், பெரிய பெரிய மருத்துவர்கள் கைவிட்டவள், அசல் ஓக் மிசில்டோப் பொடியால் குணமானாள். அளவு: ஆறு பென்னி நாணயத்தின் மேல் நிற்கும் அளவு பொடி. அனுபானம்: கறுப்புச் செர்ரி வடிநீர். நேரம்: விடிகாலையில், பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள். காற்றின் அழுத்தத்தை அளந்த ஆள் பௌர்ணமியைக் கேள்வி கேட்கவில்லை.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். வலிப்பு ஒழுங்கு இல்லாத நோய். ஒரு மாதம் நான்கு முறை வரும், அடுத்த ஆறு மாதம் எட்டிப் பார்க்காது. சிறு வயதில் வரும் வலிப்புகளில் சில, வயது ஏற ஏறத் தானாகவே நின்றுபோகும். யாரும் நன்றாக இருக்கும்போது மருந்து தேடி ஓடுவதில்லை. அடுத்தடுத்து வந்து ஆளைப் போட்டு வாட்டும்போதுதான் ஓடுவார்கள். அந்த உச்சத்துக்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். குறைந்ததைக் கொடுத்த மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். கூடவே, அந்தக் காலத்து மாற்று மருந்துகள் ரத்தம் எடுப்பதும் பேதிக்குக் கொடுப்பதும். அவற்றோடு ஒப்பிட்டால் ஒரு சிட்டிகை இலைப்பொடி ஆளைக் கெடுக்கவாவது இல்லை.

1719ல் ஜான் கோல்பாட்ச் என்ற லண்டன் மருத்துவர் மிசில்டோவுக்கென்றே ஒரு தனிச் சிறுநூல் எழுதினார். சர் பட்டம் பெற்றவர், மருத்துவக் கல்லூரி உறுப்பினர். வலிப்பு வகைகளுக்கு இது அதிசயமான தனி மருந்து என்பது அவர் கட்சி. த்ரஷ் பறவைகளுக்குத் தீனியாகவும், பேய் விரட்ட வீட்டில் தொங்கவிடவும் மட்டுமா கடவுள் இதைப் படைத்திருப்பார், இதைவிட உயர்ந்த காரியம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று அவர் வாதம் போகிறது. மூடநம்பிக்கையைத் தள்ளுவதாகச் சொல்லிக்கொண்டே அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் கோல்பாட்ச் ஒரு காரியம் செய்தார், அதற்காக அவரை மதிக்கலாம். ஓக் மரத்தில் மிசில்டோ முளைப்பது உண்மையிலேயே அபூர்வம். பிரிட்டனில் இன்றும் அப்படிப்பட்ட ஓக் மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹெரிஃபோர்ட்ஷயர் பக்கத்து ஆப்பிள் தோட்டங்களிலோ வண்டி வண்டியாகக் கிடைக்கும். அப்படியென்றால் இத்தனை நூறு ஆண்டுகளாக மருந்துக் கடைகளில் ஓக் மிசில்டோ என்று பொட்டலம் கட்டி விற்றது எங்கிருந்து வந்தது? காய்ந்து பொடியான பிறகு எந்த மரத்தது என்று யார் கண்டுபிடிப்பது? கோல்பாட்ச் ஓக்கைப் பிடித்துத் தொங்காமல், லிண்டன் மரத்து மிசில்டோவே போதும் என்று எழுதினார். மந்திரத்திலிருந்து மருந்தாக மாற அது எடுத்து வைத்த முதல் அடி அது. மந்திரத்தை எடுத்துவிட்டால் மருந்தில் என்ன மிச்சம் என்பது அடுத்த நூறு ஆண்டுகளில் தெரிந்துவிட்டது.

1857ல் விக்டோரியா அரசியின் பிரசவ மருத்துவர் சார்ல்ஸ் லோகாக், பொட்டாசியம் புரோமைடு கொடுத்தால் வலிப்பு குறைகிறது என்று சொன்னார். தூக்கம், தோலில் கொப்புளம் எல்லாம் வந்தாலும் அது நிஜமாகவே வேலை செய்தது. 1912ல் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் பீனோபார்பிட்டாலைக் கொண்டுவந்தார். அதோடு வலிப்புக்கும் மிசில்டோவுக்கும் இருந்த உறவு முடிந்தது. யாரும் சோதித்துத் தோற்கடிக்கவில்லை, அதைவிட நல்லது வந்ததும் சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

நடுவில் வேறு இரண்டு கிளைகள் உண்டு, அவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். பிரான்சில் 1907 வாக்கில் ரெனே கோல்ட்டியே என்ற மருத்துவர் மிசில்டோச் சாறு ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகள் பிரெஞ்சு, ஜெர்மன் மருந்துக் கடைகளில் அதற்கான மாத்திரையும் தேநீரும் ஓடின. அமெரிக்காவில் மிசில்டோ என்பது வேறு செடி, ஃபோரடென்ட்ரான் இனம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மூலிகை சார்ந்த மருத்துவர்கள் அதைப் பிரசவத்தில் கருப்பை சுருங்கவும் ரத்தப்போக்கை நிறுத்தவும் கொடுத்தார்கள். பெயர் ஒன்று என்பதற்காக ஐரோப்பியச் செடியின் குணத்தை அமெரிக்கச் செடிக்கும், இதை அதற்கும் மாற்றி மாற்றி எழுதிய புத்தகங்கள் ஏராளம். கர்ப்பிணிகள் எந்த மிசில்டோவையும் வாயில் வைக்கக் கூடாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

சீனத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. அங்கே வேறொரு புல்லுருவி, டாக்சிலஸ் இனம். முசுக்கட்டை மரத்தில் வளர்ந்ததுதான் உயர்ந்தது என்பது மரபு. இடுப்புவலிக்கும், கரு கலையாமல் இருக்கவும் என்று அவர்களுடைய மிகப் பழைய மருந்து நூலிலேயே மேல்தர மருந்துகளில் சேர்த்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் எழுதிவைத்த மூட்டுவலிக் கஷாயம் ஒன்றில் இது சேர்கிறது, இன்றும் அந்தக் கஷாயம் விற்கிறது. அமெரிக்கக்காரர் கருப்பை சுருங்கக் கொடுத்தது ஒரு புல்லுருவி, சீனர் கரு நிற்கக் கொடுத்தது இன்னொன்று. ஐரோப்பியருக்கு ஓக், சீனருக்கு முசுக்கட்டை. எந்த மரம் என்ற கேள்வியை மட்டும் யாரும் விடவில்லை.

இப்போது புற்றுநோய். இதற்கு 2000 ஆண்டுப் பாரம்பரியம் எல்லாம் கிடையாது. பிளினி சொன்ன கட்டி வேறு, கட்டியைப் பழுக்க வைக்கும் பற்று அது. மிசில்டோவைப் புற்றுநோய் மருந்தாக முதலில் சொன்னவர் ருடால்ஃப் ஸ்டைனர், 1917ல். அவர் மருத்துவர் இல்லை. மானுட ஞானம் என்று தமிழில் சொல்லத்தக்க ஓர் ஆன்மிக இயக்கத்தைத் தொடங்கியவர். வால்டார்ஃப் பள்ளிகளும் அவர் வழி வந்தவைதான். மிசில்டோ வேறோர் உடலில் ஒட்டி அதை உறிஞ்சி வளர்கிறது, புற்றும் அப்படித்தான். மிசில்டோ பருவம் பார்ப்பதில்லை, மேல் கீழ் பார்ப்பதில்லை, எல்லாப் பக்கமும் உருண்டையாக வளர்கிறது, தன் இஷ்டத்துக்கு நடக்கும் புற்றும் அப்படித்தான். ஆகவே ஒன்றை வைத்து ஒன்றை அடக்கலாம் என்பது அவர் யோசனை. விழாத செடி விழும் நோய்க்கு என்றார்கள் அல்லவா, அதே பழைய கணக்கு, நோய் மட்டும் புதிது. தோட்டக்காரனாக ஒன்று சொல்லலாம்: மிசில்டோ பிடித்த ஆப்பிள் மரம் பெரும்பாலும் சாவதில்லை. அளவுக்கு மீறிப் படர்ந்தால் ஒழியப் பல பத்தாண்டுகள் அதோடே காய்த்துக்கொண்டிருக்கும். ஒப்புமையே அரைகுறை.

அவருடைய சீடர், மருத்துவர் ஈட்டா வெக்மன், அதை மருந்தாக்கினார். சுவிட்சர்லாந்தின் அர்லெஸ்ஹைமில் 1921ல் தொடங்கிய அவருடைய மருத்துவமனையிலிருந்து வளர்ந்ததுதான் இஸ்கடோர் என்ற மருந்து. கோடையில் எடுத்த சாற்றையும் குளிர்காலத்தில் எடுத்த சாற்றையும் அதிவேகமாகச் சுழலும் தட்டில் கலக்க வேண்டும் என்று ஸ்டைனர் சொன்னதற்காகவே இயந்திரம் செய்தார்கள். சாற்றைப் புளிக்க வைத்துத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள். ஆப்பிள் மரத்தது, பைன் மரத்தது, ஓக் மரத்தது என்று புட்டியிலேயே மரத்தின் குறி இருக்கும். எந்த உறுப்பில் புற்று, நோயாளி ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இங்கேதான் வேடிக்கை. யோசனை தவறாக இருந்தும் செடிக்குள் ஒன்று இருந்தது. மிசில்டோவில் லெக்டின் என்ற புரதங்கள் உண்டு. அதில் முதன்மையானது அமைப்பில் ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சுக்குப் பங்காளி. இரண்டு சங்கிலி. ஒன்று செல்லின் மேல் உள்ள சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வழி செய்யும். மற்றது உள்ளே போய்ப் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை முடக்கும். செல் சாகும். போதாததற்கு விஸ்கோடாக்சின் என்ற 46 அமினோ அமிலச் சின்னப் புரதங்கள், இவை செல் சவ்வைக் கிழிப்பவை. கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்லின் மேல் விட்டால் கொன்றுவிடும். ஆனால் தட்டில் கொல்வது பெரிய காரியம் இல்லை, வெந்நீர்கூடக் கொல்லும். இந்தப் புரதங்களை வாய்வழி கொடுத்தால் இரைப்பையில் பெருமளவு சிதைந்துபோகும். ட்ரூயிடு பானத்திலும், கல்பெப்பர் பொடியிலும், இன்று விற்கும் மிசில்டோத் தேநீரிலும் இந்த வேதியியலைத் தேடுவது வீண். ஊசியாகப் போட்டதால்தான் இப்படியொரு பேச்சே வந்தது.

ஊசி வேலை செய்கிறதா? ஜெர்மன் அரசின் மூலிகைக் குழு மூட்டு அழற்சிக்கும், புற்றுநோயில் துணை மருந்தாகவும் இதை ஏற்றது. அங்கே நோயாளிகள் பரவலாகப் போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக இதற்கு ஒப்புதல் இல்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2008ல் 21 சோதனைகளை அலசியது. ஆயுளைப் பார்த்தவை 13, அதில் ஆறு ஏதோ நன்மை இருப்பதாகக் காட்டின, ஆனால் அந்த ஆறில் ஒன்றும் உயர்ந்த தரத்தில் நடந்ததில்லை. 2013ல் செர்பியாவில் முற்றிய கணையப் புற்றுநோயாளிகள் 220 பேரிடம் நடந்த சோதனை பரபரப்பானது. மிசில்டோ போட்டவர்களுக்கு இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 4.8 மாதம், போடாதவர்களுக்கு 2.7. ஆனால் யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது அது. அதைச் சரிபார்க்க ஸ்வீடனில் 290 பேரிடம், போலி மருந்தோடு, மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் மறைத்து நடத்தினார்கள். 2024ல் முடிவு வந்தது: மிசில்டோ 7.8 மாதம், போலி மருந்து 8.3 மாதம். ஆயுளும் கூடவில்லை, வாழ்க்கைத் தரமும் மேம்படவில்லை. என்னைக் கேட்டால், கணையப் புற்றைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 21 பேருக்கு நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்ததை வைத்து 2023ல் செய்தி வந்ததே என்பார்கள். அது எவ்வளவு அளவு தாங்கும் என்று பார்க்கும் முதல்கட்டச் சோதனை. குணமாகிறதா என்று தெரிந்துகொள்ள நடத்தியது இல்லை.

கடைசிக் கேள்வி, நம் ஊர்ப் புல்லுருவி. மாமரத்திலும் வேம்பிலும் செம்மஞ்சளாக நீளக் குழல் பூவோடு தொங்குவது டென்ட்ரோஃப்தோ ஃபால்கேட்டா. மிசில்டோவுக்குத் தூரத்துச் சொந்தம், குடும்பமே வேறு. விஸ்கம் இனத்திலும் சில நம் காடுகளில் உண்டு. சுசுருதர் சிறுநீர்க் கல்லுக்கான மூலிகைக் கூட்டத்தில் புல்லுருவியைச் சேர்த்திருக்கிறார். நாட்டு வைத்தியத்திலும் மாந்திரீகத்திலும் எந்த மரத்துப் புல்லுருவி, எந்த நட்சத்திரத்தில் எடுத்தது என்று கேட்பார்கள். பிளினி கேட்டாலும் புரிந்துகொண்டிருப்பார்.

எந்த மரம் என்ற கேள்விக்கு நிஜமான பதில் ஒன்று இருக்கிறது, ஆனால் அவர்கள் நினைத்த விதத்தில் இல்லை. மரத்தின் நஞ்சு புல்லுருவிக்குள் ஏறும். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஒரிசாவின் கட்டாக் பகுதியில் எட்டி மரத்தில் வளர்ந்த விஸ்கம் ஒன்றைக் கடைத்தெருவில் மருந்தாக விற்றார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் ஓஷானெஸி அதைச் சோதித்தபோது எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னினும் புரூசினும் இலையில் கிடைத்தன. ஸ்ட்ரிக்னின் செய்வது என்ன? வலிப்பு வரவைக்கும். வலிப்புக்குப் புல்லுருவி நல்லது என்று ஐரோப்பிய நூலைப் படித்துவிட்டு இதைக் கொடுத்திருந்தால் ஆள் முடிந்தான். அரளியில் வளர்ந்த நம் டென்ட்ரோஃப்தோவின் இலையில் இதயத்தைத் தாக்கும் அரளி நஞ்சுகளைக் கண்டிருக்கிறார்கள். சீனாவில் கொரியாரியா என்ற நச்சுச் செடியின் மேல் வளர்ந்த புல்லுருவியிலும் இதே கதை.

அதனால் எந்த மரத்தது என்று நிச்சயமாகத் தெரியாத புல்லுருவிப் பொடியை, யார் கொடுத்தாலும் வாயில் போடாதீர்கள். எட்டியிலும் அரளியிலும் இருப்பதைத் தொடவே வேண்டாம். வீட்டில் புற்றுநோயாளி இருந்து மிசில்டோ ஊசி பற்றிக் கேட்டால், போடுகிற இடம் சிவந்து வீங்கும், காய்ச்சல் வரும், ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டு, பார்க்கும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் தொடங்க விடாதீர்கள். மாமரத்தில் இருப்பது மருந்துக்கு உதவாது, மரத்துக்கும் ஆகாது, எடுத்துவிடுங்கள். செடியை மட்டும் ஒடித்தால் பட்டைக்குள் கிடக்கும் உறிஞ்சியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி உள்ளே தள்ளி, கிளையோடு சேர்த்து அறுக்க வேண்டும், அதுவும் பழம் பழுத்துக் குருவி வருவதற்கு முன்னால்.